சிப்பிக்குள் மழை: ஹென்றி பிளான்போர்டின் வாழ்வு

காரமடையில் நின்று வடமேற்கே நோக்கினால் நீலமலை ஒரு மதிலைப் போலத் தோன்றும். ஆனி, ஆடித் திங்களில் அம்மதிலின் முடியில் கருமேகம் கவிந்து நிற்கும். மலையின் மறுபுறம் மழை கொட்டும். இப்புறம் காற்று மட்டுமே வந்து சேரும். அரங்கநாதர் தேரோடும் வீதியில் புழுதி பறக்கும். ஐப்பசியில் கீழைக்காற்று மேகத்தைச் சுமந்து வந்தால்தான் கொங்கு நாட்டு மேட்டுக் காடுகளுக்கு நிறைவு. அதுவும் பொய்த்த ஆண்டுகள் உண்டு. மழை ஏன் ஓர் ஆண்டு வருகிறது, ஏன் மற்றோர் ஆண்டு வராமற் போகிறது என்னும் வினா இம்மண்ணில் ஒவ்வொரு தலைமுறையும் கேட்டுக் கேட்டு ஓய்ந்த வினாவாகும்.

அவ்வினாவை நம்பிக்கைக்கு விட்டுவிடாமல் கணக்குக்குள் கொண்டுவர முயன்றவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு. இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் என்று அவரை உலகம் அறியும். அத்துறை 2025-ஆம் ஆண்டு தன் 150-ஆம் ஆண்டை நிறைவு செய்தபோது அவர் பெயர் மீண்டும் பலராலும் நினைக்கப்பெற்றது. ஆயின் அவர் வானத்தைப் பார்ப்பதற்கு முன்னர் நிலத்தைப் பார்த்தவர் என்பதும், தம் இளமையின் மூன்று ஆண்டுகளைத் தமிழ்நாட்டின் புதைந்த கடலொன்றின் சிப்பிகளோடு கழித்தவர் என்பதும் பலர் அறியாதவை. நீலமலையின் பாறைகளைப் பற்றியும் அவர் எழுதினார். சிப்பியில் தொடங்கி மழைக்கு வந்த அவ்வாழ்வின் இரு பாதிகளும் வெவ்வேறு என்றே அவர் காலத்தவர் எண்ணினர். அவர் மறைந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே இரண்டும் ஒன்றென விளங்கிற்று.

இளமையும் கல்வியும்

பிளான்போர்டு 1834-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் சிறு தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்தவர். ஹென்றிக்கு இரண்டாண்டு மூத்தவர் வில்லியம் தாமஸ் பிளான்போர்டு. உடன்பிறந்தார் இருவரும் ஒரே கல்வி கற்று, ஒரே துறையில் சேர்ந்து, ஒரே காலத்தில் இந்தியா வந்தனர். அறிவுலகில் இருவர் பெயரும் பின்னிக் கிடப்பதால் ஒருவர் செய்ததை மற்றவர்மேல் ஏற்றிச் சொல்லும் பிழை இன்றும் நேர்வதுண்டு.

இலண்டனில் புதிதாகத் தோன்றிய சுரங்கக் கல்லூரியில் 1851-ல் ஹென்றி சேர்ந்தார். அங்கே பரிசும் உதவித்தொகையும் பெற்றுத் தேறிய பின், செருமனியின் பிரைபர்க் சுரங்கப் பள்ளியில் ஓராண்டு பயின்றார். அக்காலத்தில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தாமஸ் ஓல்டுஹாம் என்பார் தலைமையில் வளர்ந்து கொண்டிருந்தது. இருப்புப்பாதைக்கும் நீராவிக் கப்பலுக்கும் நிலக்கரி தேவைப்பட்ட காலம் அது. கரியைக் காட்டக்கூடிய இளைஞர்கள் வேண்டியிருந்தனர். 1855-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் பிளான்போர்டு உடன்பிறந்தார் கல்கத்தாவில் வந்திறங்கினர். அப்போது ஹென்றிக்கு வயது 21.

கல்லில் கண்ட பனி

முதற்பணி ஒரிசாவின் தால்ச்சேர் நிலக்கரிப் படுகையில் அமைந்தது. வில்லியம், ஹென்றி, அவர்களுடன் வில்லியம் தியோபால்டு ஆகிய மூவரும் அங்கே ஒரு புதிரைக் கண்டனர். நிலக்கரி அடுக்குகளுக்குக் கீழே மிக நுண்ணிய சேற்றுப் பாறை இருந்தது. அச்சேற்றின் நடுவே பெரும் பெரும் உருண்டைக் கற்கள் பதிந்திருந்தன. நுண்சேறு படிய வேண்டுமானால் நீர் அசையாது நிற்க வேண்டும். பாறாங்கல் உருண்டு வர வேண்டுமானால் நீர் மூர்க்கமாய் ஓட வேண்டும். இரண்டும் ஓரிடத்தில் எங்ஙனம் நிகழும்?

பனிக்கட்டியே அக்கற்களைச் சுமந்து வந்திருத்தல் வேண்டும் என்பது அவ்விளைஞர்கள் கண்ட முடிவு. மிதந்து வந்த பனி உருகியபோது அதன் பிடியிலிருந்த கல் அமைதியான சேற்றில் விழுந்தது. கோடை வெயிலில் கால் வைக்க முடியாத ஒரிசா மண் ஒருகாலத்தில் பனிநாடாக இருந்தது என்று 1856-ல் சொல்லுவதற்குத் துணிவு வேண்டும். பலர் ஏற்கத் தயங்கினர். பின்னாளில் வேறிடங்களில் பனியால் கீறப்பட்ட கற்கள் கிடைத்தபோது அவர்கள் கூற்று நிலைபெற்றது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியத் தென்னிலங்கள் பனிப்போர்வையில் கிடந்தன என்பது இன்று எல்லாரும் ஒப்பிய செய்தி.

ஒரு நிலத்தின் வானிலை நிலையானதன்று, அது மாறியிருக்கிறது, மாறிய கதை கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இப்பாடத்தை ஹென்றி தம் 22-ஆம் வயதில் கற்றார். பிற்காலத்து அவர் முயற்சிகள் அனைத்துக்கும் இதுவே வித்து எனலாம்.

இதன்பின் அவர் சென்னை மாகாணத்துக்கு வந்தார். நீலமலையின் நில அமைப்பைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு, துறையின் நினைவேட்டு வரிசையில் முதல் தொகுதியிலேயே இடம்பெற்றது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறுவோர் காணும் கரிய வன்பாறைகள் உயிர்ச் சுவடு எதுவும் இல்லாதவை. மிகப் பழைமையானவை, நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. அங்கே தேடுவோர்க்குச் சிப்பி கிடைப்பதில்லை. சிப்பி தேட அவர் கிழக்கே செல்ல வேண்டியிருந்தது.

அரியலூரின் கடல்

திருச்சிராப்பள்ளிக்கு வடகிழக்கே ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், அரியலூர் எனப் பரந்து கிடக்கும் சிற்றூர்களின் நிலம், பார்ப்பவர்க்கு வறண்ட கரிசலாகவும் செம்மண்ணாகவுமே தோன்றும். கடல் அங்கிருந்து வெகு தொலைவு. ஆயினும் உழுத சாலில் சிப்பி புரளும். ஓடைக் கரையில் சுருள் நத்தை உதிரும். அவ்வூர்ச் சிறுவர்க்கு அவை விளையாட்டுப் பொருள். சென்னை அரசின் அலுவலர்களான கே, கன்லிப் என்னும் இருவர் இவற்றைத் திரட்டி இலண்டனுக்கு அனுப்ப, எட்வர்டு போர்ப்ஸ் என்னும் அறிஞர் 1846-ல் அவற்றை விளக்கி எழுதியிருந்தார். அவை ஐரோப்பாவின் சுண்ணப் பாறைகளில் காணும் உயிரினங்களுக்கு உறவானவை என்பது தெளிவாயிற்று. ஆனால் எந்தச் சிப்பி எந்த அடுக்கிலிருந்து வந்தது, எது முந்தையது, எது பிந்தையது என்பதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

1857 முதல் 1860 வரை பிளான்போர்டு அவ்வேலையை மேற்கொண்டார். பருவம் பார்த்துப் புறப்பட்டு, ஓடை ஓடையாக நடந்து, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியே குறித்து, அதனதன் சிப்பியை அதனதன் இடப்பெயரோடு சேர்த்து வைத்தார். அவ்வடுக்குகள் கிழக்கு நோக்கிச் சற்றே சாய்ந்து கிடப்பதால், மேற்கிலிருந்து கிழக்கே நடப்பவர் காலத்தில் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே செல்கிறார். அம்முறையில் அவர் மூன்று தொகுதிகளைப் பிரித்துக் காட்டினார். அடியில் ஊட்டத்தூர்த் தொகுதி, நடுவில் திருச்சிராப்பள்ளித் தொகுதி, மேலே அரியலூர்த் தொகுதி. அவர் இட்ட இப்பெயர்களும் பிரிவுகளும் 160 ஆண்டுகளுக்கு மேலாகியும் அடிப்படை மாறாமல் வழங்கி வருகின்றன. அவற்றின் காலம் ஏறத்தாழ 11 கோடி ஆண்டு தொடங்கி 6½ கோடி ஆண்டு வரை என்று இன்று கணக்கிடப்படுகிறது.

மேற்கு விளிம்பில் பழைய வன்பாறையின்மேல் கடற்படிவு வந்து மோதி நிற்கிறது. அதுவே அப்பழைய கடற்கரை. காரைப் பக்கத்துக் களிமண்ணில் ஜிப்சமும் பாஸ்பேட்டு உருண்டைகளும் மிகுதி. கருடமங்கலத்தில் சிப்பிகளே நெருங்கி இறுகிப் பளபளக்கும் கல்லாகியிருக்கின்றன. வேறிடங்களில் பவளம் வாழ்ந்த சுண்ணாம்புத் திட்டுகள் உள்ளன. நிலத்து மரங்களும் ஆற்றோடு வந்து இக்கடலில் அமிழ்ந்து கல்லாயின. எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல் கண்டறிந்த சாத்தனூர்க் கல்மரம் 18 மீட்டர் நீளத்தில் இன்றும் அங்கே கிடக்கிறது. கடல் முன்னேறியதும் பின்வாங்கியதும் மீண்டும் முன்னேறியதுமான வரலாற்றை ஒரு தனி மனிதர் கால்நடையாகச் சென்று எழுதி முடித்தார்.

களத்தில் திரட்டியவற்றுள் தாமே விளக்கி எழுதுவதற்கு அவர் முதலில் எடுத்துக்கொண்டவை பெலம்னைட்டு, நாட்டிலசு என்னும் இரு குடும்பங்கள். பெலம்னைட்டு என்பது கணவாய்க்கு உறவான ஓர் உயிர்; டைனோசர்களோடு சேர்ந்து மறைந்தது. கணவாயின் உடலுக்குள் இருக்கும் ஓட்டை நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பார்கள். அதுபோல் பெலம்னைட்டின் உடலுக்குள்ளும் ஓர் ஓடு இருந்தது. அதன் நுனி துப்பாக்கிக் குண்டைப் போலக் கூர்ந்து, கெட்டியாக, ஒளி ஊடுருவும் சுண்ணத்தால் ஆனது. இவ்விரு குடும்பங்களைப் பற்றிய பிளான்போர்டின் நூல் 1861-ல் வெளிவந்து, இந்தியத் தொல்லுயிர் நூல்வரிசையான பேலியாண்டாலஜியா இண்டிகாவுக்குத் தொடக்கமாக அமைந்தது.

அவர் விட்ட இடத்திலிருந்து அப்பணியைத் தொடர்ந்தவர் மொராவியா நாட்டிலிருந்து வந்த பெர்டினாண்டு ஸ்டோலிக்ஸ்கா. சாளக்கிராமத்தை ஒத்த அம்மோனைட்டுகள், நத்தைகள், இருவாய்ச் சிப்பிகள் என அரியலூர்க் கடலின் உயிர்களைப் பத்தாண்டுகளில் அடுத்தடுத்து விளக்கி எழுதி முடித்தார். 1874-ல் யார்க்கண்டுப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், இலடாக்கின் உயர்ந்த மலைப்பாதையில் 36 வயதில் அவர் உயிர் நீத்தார்.

இறந்த சிப்பியோடு பிளான்போர்டின் ஆர்வம் நின்றுவிடவில்லை. உடன்பிறந்தார் இருவரும் நீலமலை, கொல்லிமலை முதலிய குன்றுகளின் உயிருள்ள நில நத்தைகளையும் சேகரித்துச் சேர்ந்து எழுதினர். ஈரம் உள்ள இடத்தில் மட்டுமே வாழும் அச்சிறு உயிர்கள், மழை எங்கே தங்குகிறது என்பதற்குச் சான்றாக நின்றவை.

புயலும் பஞ்சமும்

1862-ல் நிலவியல் துறையிலிருந்து விலகிய பிளான்போர்டு கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் அங்கே கற்பித்தார். இந்தியப் பள்ளி மாணவர்க்கென அவர் எழுதிய இயற்கைப் புவியியல் பாடநூல் பல பதிப்புகள் கண்டது. அமைதியான அவ்வாழ்வை 1864-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் வீசிய புயல் திருப்பிப் போட்டது. ஊக்ளி ஆற்றில் ஏறிய கடல் வெள்ளம் பல பத்தாயிரம் மக்களைக் கொண்டுசென்றது. துறைமுகத்திலிருந்த கப்பல்கள் கரையில் வீசப்பட்டன. அப்புயல் எங்கே பிறந்தது, எவ்வழி வந்தது என்று கேட்டறியும் பொறுப்பு கேஸ்ட்ரெல் என்பாருடன் பிளான்போர்டுக்கு வந்தது. கப்பல் தலைவர்களின் குறிப்பேடுகளையும் கரையோர ஊர்களின் அளவுகளையும் ஒன்றுசேர்த்து அவர்கள் எழுதிய அறிக்கை 1866-ல் வெளிவந்தது. சிதறிய சிப்பிகளிலிருந்து கடலை மீட்டவர், சிதறிய குறிப்புகளிலிருந்து புயலை மீட்டார். இரண்டுக்கும் வேண்டிய பொறுமை ஒன்றே.

அதே 1866-ல் ஒரிசாவில் பஞ்சம் வந்தது. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். முந்தின ஆண்டு மழை குன்றியதைக் கண்டும் அதன் பொருளை உணர்ந்து சொல்வார் எவரும் இல்லை. இவ்விரு பேரிடர்களுக்குப் பின் 1867-ல் வங்க அரசு பிளான்போர்டை வானிலை அறிவிப்பாளராக அமர்த்தியது. ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியே அளந்து, தனித்தனி நேரத்தில் குறித்து, ஒன்றோடொன்று ஒப்பிட முடியாத எண்களைக் குவித்துக் கொண்டிருந்த காலம் அது. 1875-ல் இந்தியா முழுமைக்குமான வானிலைத் துறை நிறுவப்பட்டு அவரே அதன் தலைவரானபோது, முதல் வேலையாக அவர் மேற்கொண்டது அளவுகளை ஒழுங்குபடுத்துவதே. கருவிகள் ஒரே தரத்தவையாக ஒப்புநோக்கப்பட்டன. குறிக்கும் நேரங்கள் வரையறுக்கப்பட்டன. காண்பவர்க்குப் பயன்படும் கையேடு ஒன்றையும் அவர் எழுதினார்.

அவ்வாண்டிலேயே அவர் நிலவியலுக்கும் ஒரு கட்டுரை அளித்தார். இந்தியாவுக்கும் தென் ஆப்பிரிக்காவுக்கும் இடையே ஒருகாலத்தில் நிலத்தொடர்பு இருந்தது, அது பின்னர்க் கடலுள் மறைந்தது என்பது அக்கட்டுரையின் கருத்து. ஸ்கிளேட்டர் என்னும் விலங்கியலார் 1864-ல் இலெமூரியா என்று பெயரிட்ட நிலத்தோடு இது இணைத்துப் பேசப்பட்டது. தமிழ் அறிஞர்கள் பின்னாளில் இலெமூரியாவைக் குமரிக் கண்டத்தோடும் நம் நூல்கள் சொல்லும் கடல்கோளோடும் பொருத்தியபோது, பிளான்போர்டு போன்றோர் கருத்துகளும் அதற்குத் துணையாக எடுத்துக்கொள்ளப்பட்டன. ஆனால் அவர் பேசிய நிலத்தொடர்பு மனிதன் தோன்றுவதற்குப் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே அறுந்துபோன ஒன்று. மேலும், அமிழ்ந்தது நிலமன்று, நகர்ந்ததே நிலம் என்று பின்வந்த அறிவியல் கண்டது. அரியலூர்க் கடல் அலை வீசிய காலத்தில் இந்தியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே கிடந்தது. பின்னரே வடக்கே நகர்ந்து வந்து ஆசியாவோடு சேர்ந்தது. பிளான்போர்டு கண்ட ஒற்றுமை உண்மை. அதற்கு அவர் சொன்ன காரணம் நிலைக்கவில்லை.

துறை தோன்றிய அடுத்த ஆண்டே தாது வருடம் பிறந்தது. 1876-லும் 1877-லும் மழை பொய்த்தது. சேலமும் கோவையும் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களுள் அடங்கும். தாது வருடப் பஞ்சம் என்ற பெயர் கொங்கு நாட்டுக் குடும்பங்களில் மூன்று தலைமுறை கடந்தும் அச்சத்தோடு சொல்லப்பட்டது. பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர் என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு. தானியம் துறைமுகங்களில் கப்பலேறிக்கொண்டே இருந்தது. நிவாரணக் கூலியும் குறைக்கப்பட்டது. ஆகவே அச்சாவுகள் அனைத்தையும் வானத்தின்மேல் சுமத்துவது நேர்மையன்று. ஆயினும் மழை பொய்க்கப் போகிறது என்பதை முன்னதாக அறிய வழியுண்டா என்று அரசு கேட்டது. கேட்கப்பட்டவர் பிளான்போர்டு.

இமயத்துப் பனி

அவ்வினாவுக்கு எவரிடமும் அன்று விடையில்லை. நாளைய வானிலையைச் சொல்வதே அரிதாக இருந்த காலத்தில், மூன்று திங்களுக்குப் பிந்தைய மழையை எப்படிச் சொல்வது? பிளான்போர்டு தாம் சேர்த்து வைத்த அளவுகளைப் புரட்டினார். இமயத்தின் வடமேற்குப் பகுதியில் குளிர்காலத்தின் இறுதியிலும் இளவேனிலிலும் பனி மிகுதியாகப் பெய்த ஆண்டுகளில், சமவெளியில் வறண்ட வடமேற்குக் காற்று நீடித்து, பருவமழை தளர்ந்து போவதைக் கண்டார்.

காரணமும் சொன்னார். வெயிலின் வெப்பம் நிலத்தைச் சுட வேண்டும். சுட்ட நிலத்தின்மேல் காற்று எழ வேண்டும். அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று ஈரத்தோடு வர வேண்டும். பனி மிகுந்துவிட்டால் அவ்வெப்பம் பனியை உருக்குவதிலேயே செலவழிகிறது. நிலம் குளிர்ந்து கிடக்கிறது. கடற்காற்றை அழைக்கும் ஆற்றல் குறைகிறது. கோவையின் உழவனுக்கும் இமயத்தின் பனிக்கும் தொடர்புண்டு என்னும் இக்கருத்தை 1884-ல் இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் வெளியிட்டார். தால்ச்சேரில் பனியின் சுவடு கண்டு அறிவுலகில் நுழைந்தவர், தம் ஐம்பதாம் வயதில் மீண்டும் பனியிடமே வந்து சேர்ந்தார்.

எழுதுவது வேறு, அரசுக்கு முன்கூட்டிச் சொல்லுவது வேறு. தவறாகச் சொன்னால் களஞ்சியங்கள் வீணே திறக்கப்படும், அல்லது திறக்கப்பட வேண்டியவை மூடியே கிடக்கும். 1882 முதல் அவர் தயக்கத்தோடு சோதனை முறையில் குறிப்புகள் அளித்து வந்தார். 1885-ல் இமயத்தில் காலங்கடந்து பெரும்பனி பெய்தது. மேற்கிந்தியாவில் மழை பிந்தும், குறையும் என்று அவர் அறிவித்தார். பெரும்பாலும் அவ்வாறே நடந்தது. அதன் விளைவாக 1886-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள், பருவமழை பற்றிய முறையான முன்னறிவிப்பு வரிசையின் முதல் அறிவிப்பு வெளியாயிற்று. ஒரு பெரு நிலப்பரப்பின் ஒரு பருவத்து மழையை அரசே முன்கூட்டி அறிவிக்கும் வழக்கத்துக்கு அதுவே கால்கோள்.

அவ்வறிவிப்பு தென்மேற்குப் பருவத்தைப் பற்றியது. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பெரிதும் நம்பியிருந்த கொங்கு நாட்டுக்கு அதில் நேரடியான விடையில்லை. தம் முறையின் எல்லையைப் பிளான்போர்டு அறிந்தே இருந்தார். பனியை அளக்கவும் அன்று கருவியில்லை. மலைநகர் அலுவலர்களும் வழிப்போக்கர்களும் அனுப்பிய செய்திகளே ஆதாரம். பின்வந்தோர் அவர் கண்ட தொடர்பைச் சில காலம் போற்றினர். சில காலம் ஐயுற்றனர். கில்பர்ட் வாக்கர் பெருங்கடல்களின் காற்றழுத்தத்திலும் காரணம் தேடினார். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஹான், சுக்லா என்னும் இருவர் 1976-ல் ஆராய்ந்தபோது, ஆசியப் பனிக்கும் இந்திய மழைக்கும் தொடர்புண்டு என்பது மீண்டும் வெளிப்பட்டது. 1988 முதல் வானிலைத் துறை கையாண்ட பதினாறு காரணிகளுள் பனிப்பரப்பும் இடம்பெற்றது. தொடர்பு எல்லா ஆண்டும் ஒரே உறுதியோடு நிற்பதில்லை என்பதும் தெளிவாயிற்று.

1880-ல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பெற்ற பிளான்போர்டு, கல்கத்தா ஆசியக் கழகத்தின் தலைவராகவும் விளங்கினார். முப்பத்து மூன்று ஆண்டுகள் இந்தியாவில் உழைத்து ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். இந்தியா, இலங்கை, பர்மா நாடுகளின் தட்பவெப்பம் பற்றி அவர் எழுதிய கைந்நூல் 1889-ல் வெளிவந்தது. 1893-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் போக்ஸ்டன் என்னும் கடற்கரை ஊரில் 58-ஆம் வயதில் காலமானார்.

சிப்பி சொன்ன கணக்கு

அவர் மறைந்த அதே ஆண்டில், மூன்று திங்கள் கழித்து, ஏப்ரல் 29-ஆம் நாள் அமெரிக்காவின் இந்தியானாவில் ஹெரால்டு யூரி பிறந்தார். 1934-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற யூரி, பிளான்போர்டு கையிலெடுத்துப் பார்த்தும் படிக்க இயலாத எழுத்தைப் படிக்க வழிகண்டார். ஒரு சிப்பி எந்தக் கடலில் வாழ்ந்தது என்பதைப் பிளான்போர்டால் சொல்ல முடிந்தது. அக்கடல் வெதுவெதுப்பாக இருந்ததா, குளிர்ந்திருந்ததா என்று அளந்து சொல்ல அவர் காலத்தில் கோல் இல்லை.

கடல்நீரில் உள்ள ஆக்சிஜன் அணுக்களில் பெரும்பாலானவற்றின் எடை 16. ஏறத்தாழ ஐந்நூறில் ஒன்று 18 எடையுள்ள கனத்த அணு. சிப்பி நீரிலிருந்து சுண்ணம் எடுத்து ஓடு கட்டும்போது இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. நீர் குளிர்ந்திருந்தால் கனத்த அணு சற்று மிகுதியாகச் சேரும். வெதுவெதுப்பாக இருந்தால் சற்றுக் குறையும். ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு ஏறத்தாழ 4 பாகை வெப்பத்தைக் காட்டும். இக்கருத்து யூரிக்கு 1946-ல் சூரிச் நகரில் சொற்பொழிவாற்றச் சென்றபோது உருவாயிற்று. சிகாகோவில் எப்ஸ்டைன், லோவன்ஸ்டாம் முதலியோருடன் சேர்ந்து அதனை அளவை முறையாக்கினார். உயிருள்ள சிப்பிகளின் ஓட்டில் துளையிட்டு, வெப்பம் அளந்த தொட்டிகளில் விட்டு, அவை துளையை அடைத்துக் கட்டிய புதிய ஓட்டை ஆராய்ந்து, எந்த வெப்பத்துக்கு எந்த அளவு என்பதை வகுத்தனர்.

முதல் வெற்றி பெலம்னைட்டால் வந்தது. ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கிடைத்த ஒரு பெலம்னைட்டின் குறுக்குவெட்டில், மரத்தின் ஆண்டு வளையம்போல் அமைந்த அடுக்குகளைச் சுரண்டி அளந்தனர். ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவ்வுயிர் வளர்ந்தபின் மூன்று கோடையும் நான்கு குளிர்காலமும் கண்டு, நான்கு வயதளவில் ஓர் இளவேனிலில் இறந்தது என்று 1951-ல் அறிவித்தனர். உலக ஆய்வுக்கூடங்கள் ஒப்பீட்டுக்குக் கொண்ட அளவுகோலும் அமெரிக்காவின் பீடீ பாறையில் கிடைத்த ஒரு பெலம்னைட்டே. பிளான்போர்டு முதலில் எடுத்து விளக்கிய குடும்பம் இதுவன்றோ!

எல்லாச் சிப்பியும் சான்று சொல்லாது. மண்ணுக்குள் ஊறிய நீர் ஓட்டைக் கரைத்து மீண்டும் படியவைத்தால் பழைய கணக்கு அழிந்துவிடும். கோவையை அடுத்த மதுக்கரையின் சுண்ணாம்புக்கல் நிலத்தடி வெப்பத்தில் வெந்து படிகமாகிவிட்டது. அதில் படிக்க எழுத்து எதுவும் மிஞ்சவில்லை. காரையின் பெலம்னைட்டோ கெட்டியான ஓட்டினால் தன் கணக்கைக் காத்து வந்துள்ளது. 2011-ல் ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு, இந்தியாவிலும் மடகாஸ்கரிலும் கிடைத்த இத்தகைய ஓடுகளை அளந்து, தென்பாதிக் கடல்களின் வெப்பம் அக்காலத்தில் ஏறி இறங்கியதை ஆராய்ந்தது. ஒருகாலத்தில் ஒட்டியிருந்த இரு நிலங்களின் சிப்பிகள் மீண்டும் ஒரே மேசைக்கு வந்தன.

கரையோரச் சிப்பியில் ஒரு சிக்கலும் உண்டு. மழைநீரிலும் ஆற்றுநீரிலும் கனத்த ஆக்சிஜன் குறைவு. ஆற்றுமுகத்தில் வெள்ளம் வந்து கலந்தால், நீர் சூடாகாமலே ஓட்டில் கனத்த அணு குறைந்து, வெப்பம் கூடியதுபோல் பொய்த்தோற்றம் தரும். அதனால் மக்னீசியம் போன்ற பிற தனிமங்களின் அளவையும் சேர்த்துப் பார்த்தே வெப்பத்தையும் நன்னீரையும் பிரித்தறிகின்றனர். அவ்வாறு பிரித்தபின் சிக்கலே செல்வமாகிறது. எந்தப் பருவத்தில் ஆறு பெருகியது, எந்த ஆண்டு மழை குன்றியது என்பதை ஓட்டின் அடுக்குகள் காட்டுகின்றன. மழைமானி தோன்றுவதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பருவமழையும் இவ்வாறு கணக்கில் ஏறுகிறது. பிளான்போர்டின் வாழ்வின் இரு பாதிகளும் ஒரு சிப்பிக்குள் கூடும் இடம் இதுவே.

அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புக்கல் இன்று சிமெண்டாகித் தமிழகமெங்கும் வீடுகளாய் எழுகிறது. வீடும் வேண்டும், அதற்குக் கல்லும் வேண்டும். ஆயினும் உலையில் வெந்த சிப்பி பின்னர் எதையும் சொல்லாது. பிளான்போர்டும் ஸ்டோலிக்ஸ்காவும் விளக்கிய சிப்பிகள் கல்கத்தாவில் காக்கப்படுகின்றன. காக்கப்படாதவை, எடுத்து அடுக்கு எழுதி வைக்கும் ஒருவரை எதிர்பார்த்து உழவுச்சாலில் கிடக்கின்றன.

சுவாதி நாளில் பெய்யும் மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகும் என்பது நம் முன்னோர் நம்பிக்கை. முத்து அவ்வாறு பிறப்பதில்லை. ஆனால் மழை சிப்பிக்குள் புகுவது மெய். புகுந்து கோடி ஆண்டுகள் தங்குவதும் மெய். அதனைப் படிக்கத் தெரியாத காலத்திலேயே, எந்த ஓடையில் எந்த அடுக்கில் எந்தச் சிப்பி கிடந்தது என்று பிழையின்றி எழுதி வைத்துச் சென்றவர் ஹென்றி பிளான்போர்டு.